முதல் யூஎக்ஸ் இன்டர்ன்ஷிப்புக்குப் போறீங்களா? மருந்து ஆப் ஒண்ணுல மூணு மாசம் வேலை பாத்து கத்துக்கிட்டது

யூஎக்ஸ்னா, ஆப்பைப் பயன்படுத்தறவங்களோட அனுபவத்தை டிசைன் பண்ற வேலை. அதுல இன்டர்னா சேர்ந்த ரெண்டாவது நாளே எனக்கு ஒரு டிக்கெட், அதாவது என்ன வேலை செய்யணும்ங்கற குறிப்பு, வந்துச்சு. "மருந்து லிஸ்ட் ஸ்கிரீனை புதுசா டிசைன் பண்ணணும்"னு ஒரே ஒரு வரி. மாத்திரை போட வேண்டிய நேரத்துக்கு அலாரம் அடிச்சு ஞாபகப்படுத்தற ஆப் அது. ரெண்டு நாள் உக்காந்து ஃபிக்மாங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல வரைஞ்சேன், நாலு மருந்து, நாலுக்கும் குட்டிப் பேரு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பச்சை டிக், பாக்கவே அழகா இருந்துச்சு. எங்க லீட் அதைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இன்னும் ஒரு மருந்துகூட சேக்காத ஒருத்தர் இதைத் திறந்தா என்ன தெரியும்?"னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. "சரி, பதினாறு மருந்து இருந்தா? பேரு ரெண்டு வரிக்கு நீண்டா? நேத்து ராத்திரி மாத்திரையை மறந்துட்டு இப்ப திறக்கறாங்கன்னா?" அதுக்கும் இல்ல. அப்புறம் பொறுமையா சொன்னாங்க, "நீ வரைஞ்சிருக்கறது நல்ல நாள் ஸ்கிரீன்மா, மத்த நாளெல்லாம் எங்க?"

அந்தக் கேள்விதான் அடுத்த மூணு மாசமும் என் கூடவே இருந்துச்சு. புதுசா இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு உதவணும்னு, நான் செஞ்ச வரிசையிலயே, செஞ்சிருக்கணும்னு இப்ப தோணறதையும் சேத்து எழுதறேன்.

1. முதல் வாரம்: வரையாதீங்க, ஆப்பைப் பயன்படுத்துங்க

சேர்ற ஆப் எதுவா இருந்தாலும் உங்க சொந்த போன்ல போட்டு அஞ்சாறு நாள் நிஜமாவே பயன்படுத்துங்க. நான் விட்டமின் மாத்திரை ஒண்ணை அதுல சேத்து தினமும் அலாரம் வச்சேன். மூணாவது நாள் மீட்டிங்ல இருக்கும்போது அலாரம் அடிச்சுச்சு, அவசரத்துல எதையோ அமுத்தி அதை நிறுத்திட்டேன், சாயங்காலம் பாத்தா "போட்டாச்சு"ன்னு பதிவாகியிருக்கு, ஆனா நான் மாத்திரையே போடல. விட்டமின்ங்கறதால பரவாயில்ல, இதே ரத்த அழுத்த மாத்திரையா இருந்தா? எத்தனை மீட்டிங்ல உக்காந்திருந்தாலும் இந்தப் பிரச்சனை எனக்கு இவ்வளவு உறைச்சிருக்காது.

இப்படிக் கண்ணுல பட்டதையெல்லாம் ஒரு ஃபைல்ல ஸ்கிரீன்ஷாட்டோட போட்டு வைங்க. எதைத் தேடணும்னு தெரியலன்னா யூஎக்ஸ் ஆராய்ச்சியாளர் ஜேக்கப் நீல்சன் 1994-ல ஒழுங்குபடுத்திக் கொடுத்த பத்து விதிகளை கையில வச்சுக்கங்க. இப்ப என்ன நடக்குதுன்னு ஆப் சொல்லுதா, தப்பா அமுத்தினா திரும்பி வர வழி இருக்கா, ஒரே விஷயத்துக்கு ஒரு இடத்துல ஒரு பேரு இன்னொரு இடத்துல வேற பேருன்னு இருக்கா, இந்த மாதிரி. என் மீட்டிங் கதையை அதுல வச்சுப் பாத்தா மூணு விதி உடைஞ்சிருந்துச்சு. "எனக்குப் பிடிக்கல"ன்னு இன்டர்ன் சொன்னா யாரும் கேக்கப் போறதில்ல, "இதைத் தப்பா அமுத்தினா திருத்த வழியே இல்ல, எனக்கே நடந்துச்சு"ன்னு சொன்னா எல்லாரும் நிமிந்து பாப்பாங்க.

இந்த ஃபைலை முதல் வாரத்துலயே செஞ்சிடுங்க, ரொம்ப முக்கியம். ஒரு மாசம் போனா உங்க கண்ணும் பழகிடும், அப்புறம் எதுவும் வித்தியாசமாத் தெரியாது. டீம்ல யாருக்கும் இல்லாத புதுக் கண்ணு உங்ககிட்ட இருக்கறது அந்தச் சில நாள் மட்டும்தான்.

2. டிக்கெட் வந்ததும் கேள்வி கேளுங்க

ஃபிக்மாவைத் திறக்கறதுக்கு முன்னாடி டிக்கெட் எழுதினவங்களைப் போய்ப் பாருங்க. "இதை ஏன் இப்ப மாத்தறோம்? யார் என்ன கஷ்டப்பட்டாங்க? மாத்தினதுக்கு அப்புறம் சரியாயிடுச்சுன்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்குவோம்?" இந்த மூணு போதும். நான் கேட்டப்போ ப்ராடக்ட் மேனேஜர் சொன்னது, நிறைய பேர் ஆப்பை இன்ஸ்டால் பண்றாங்க, முதல் மருந்தைச் சேக்கற இடத்துலயே விட்டுட்டுப் போயிடறாங்கன்னு. அப்ப பிரச்சனை லிஸ்ட் ஸ்கிரீன்லயே இல்ல, அதுக்கு முன்னாடி வர்ற ஸ்கிரீன்ல! நான் ரெண்டு நாள் வரைஞ்சது வேற ஏதோ வீட்டுக்கு வெள்ளை அடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

கேள்வி கேட்டா ஒண்ணும் தெரியாதவன்னு நினைச்சிடுவாங்களோன்னு பயம் வரும், எனக்கும் வந்துச்சு. முதல் மாசத்துல இன்டர்ன் கேக்கறதை யாரும் தப்பா எடுத்துக்கறதில்ல, மூணாவது மாசத்துல அதே அடிப்படைக் கேள்வியைக் கேட்டாத்தான் சங்கடம். கேட்டு முடிச்சதும் புரிஞ்சதை நாலு வரில எழுதி அவங்களுக்கே அனுப்புங்க, "நான் இப்படிப் புரிஞ்சிருக்கேன், சரியா?"ன்னு. பாதி நேரம் ஏதாவது ஒரு வரியைத் திருத்தித்தான் பதில் வரும், அந்தத் திருத்தம் உங்க ஒரு வார வேலையை மிச்சப்படுத்தும்.

3. மத்த நாள் ஸ்கிரீனையெல்லாம் வரைங்க

எனக்கு அதிகமா வேலை வாங்கினதும் இதுதான், அதிகமா கத்துக்கிட்டதும் இங்கதான். ஒரு ஸ்கிரீனை வரைஞ்சு முடிச்சதும் பக்கத்துலயே வரிசையா காலி ஃபிரேம், அதாவது ஒரு ஸ்கிரீனுக்கு ஒரு வெத்துக் கட்டம், போடுவேன். ஒண்ணுமே இல்லாதப்போ எப்படி இருக்கும், லோட் ஆகும்போது, தப்பு நடந்தா, நெட் இல்லன்னா, ரொம்ப அதிகமா இருந்தா, பேரு ரொம்ப நீளமா இருந்தா, போன்ல எழுத்தைப் பெருசா வச்சிருந்தா. இதை ஒரு பழக்கமாவே ஆக்கிக்கிட்டேன், காலி ஃபிரேம் கண்ணுக்கு முன்னாடி இருந்தா அதை நிரப்பாம விட மனசு வராது.

லோடிங்கை எடுத்துக்கங்க. பத்துல ஒரு பங்கு செகண்டுக்குள்ள பதில் வந்தா உடனே நடந்த மாதிரி இருக்கும், 1 செகண்ட் வரைக்கும் யோசனை அறுந்து போகாது, 10 செகண்டைத் தாண்டினா மனுஷன் வேற வேலையைப் பாக்கப் போயிடுவான். இது ரொம்ப வருஷமா இந்தத் துறைல வச்சிருக்கற கணக்கு. அதனால ஒவ்வொரு இடத்துலயும் "இது எவ்வளவு நேரம் எடுக்கும்?"னு டெவலப்பர்கிட்ட கேட்டுட்டு அதுக்கேத்த மாதிரி வரைஞ்சேன். அரை செகண்ட்ல முடியற வேலைக்குச் சுத்தற வட்டம் போட்டா அது மின்னி மறைஞ்சு எரிச்சலாத்தான் இருக்கும்.

அப்புறம் அந்த ஆப்புக்கே உரிய சிக்கல்கள், அதை எந்தக் கோர்ஸ்லயும் சொல்லித் தரமாட்டாங்க. ராத்திரி 10 மணி மாத்திரையை ஒருத்தர் 12:30-க்குப் போட்டா அது நேத்துக் கணக்கா இன்னைக்குக் கணக்கா? நேரம் மாறற வேற நாட்டுக்குப் போனா காலை 8 மணி மாத்திரை எந்த 8 மணிக்கு அடிக்கணும்? இதுக்கெல்லாம் பதில் என்கிட்ட இல்ல, டெவலப்பர்கிட்டயும் இல்ல, ஆனா கேள்வியை எழுதி வச்சதாலதான் அடுத்த மீட்டிங்ல மருந்து விஷயம் தெரிஞ்சவரைக் கூப்பிட்டு உக்கார வச்சு முடிவு பண்ணினாங்க. உங்க ஆப்புலயும் இப்படி ஏதாவது கண்டிப்பா இருக்கும், தேடுங்க.

பெர்மிஷன் விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன். அலாரம் ஆப்புக்கு நோட்டிஃபிகேஷன் இல்லன்னா உயிரே இல்ல. ஐபோன்ல அனுமதி கேக்கற அந்தச் சின்னப் பெட்டி ஒரே ஒரு தடவைதான் வரும், வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் செட்டிங்ஸுக்குப் போய்த்தான் மாத்தணும். ஆண்ட்ராய்டுலயும் 2022-ல வந்த 13-ஆவது வெர்ஷன்லேர்ந்து ஆப் கேட்டுத்தான் வாங்கணும். நாங்க ஆப்பைத் திறந்த உடனே கேட்டுக்கிட்டு இருந்தோம், அந்த நேரத்துல இது என்ன ஆப்புன்னே அவங்களுக்குத் தெரியாது, "வேணாம்"னு அமுத்திடுவாங்க. அதை முதல் மருந்தைச் சேத்து நேரம் வச்ச அடுத்த நொடிக்கு நகர்த்தினோம், "காலை 8 மணிக்கு ஞாபகப்படுத்த உங்க அனுமதி வேணும்"னு ஒரு வரியோட. அனுமதி கொடுக்காதவங்களுக்கு என்ன காட்டறதுன்னும் தனியா ஒரு ஸ்கிரீன் போட்டேன், ஏன்னா அலாரம் வரும்னு நம்பி ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது இல்லையா.

4. டெஸ்ட் பண்ணுங்க, முக்கியமா வாயை மூடிக்கிட்டு

யூசர் டெஸ்ட்டுன்னதும் பெரிய ஏற்பாடெல்லாம் வேணும்னு நினைச்சிருந்தேன். அஞ்சு பேரை வச்சு ஆரம்பிங்கன்னு சொன்னாங்க. நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-ல போட்ட கணக்கு ஒண்ணு இருக்கு, ஒருத்தர் சராசரியா 31 சதவீதம் பிரச்சனையை வெளிய கொண்டு வந்தா அஞ்சு பேர்லயே கிட்டத்தட்ட 85 சதவீதம் தெரிஞ்சிடும்னு. இந்தக் கணக்கு ஒரே மாதிரி யூசர்களுக்குத்தான், வயசானவங்களும் அவங்களுக்காக ஆப்பைப் பாத்துக்கற பிள்ளைங்களும் ரெண்டு வேற கூட்டம், ரெண்டுலயும் தனித்தனியா ஆள் வேணும். ஒரே தடவைல பதினஞ்சு பேரை உக்கார வைக்கறதைவிட அஞ்சு பேர், திருத்தம், மறுபடி அஞ்சு பேர்னு போறது எவ்வளவோ மேல்.

என்ன செய்யச் சொல்றோம்ங்கறதை முன்னாடியே எழுதி வைங்க, அதுல பட்டன்ல இருக்கற வார்த்தை வரவே கூடாது. "மருந்து சேர் பட்டனை அமுத்துங்க"ன்னு சொன்னா விடையைச் சொல்லிக் கொடுத்த மாதிரி. நான் எழுதினது, "டாக்டர் புதுசா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காரு, காலைலயும் ராத்திரியும், அஞ்சு நாளைக்கு. மறக்காம இருக்க இந்த ஆப்புல என்ன பண்ணுவீங்க?" கூடவே நாங்களே எழுதின ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்தோம். அவங்க சொந்த மருந்தைப் போடச் சொல்லக் கூடாது, அது அவங்க உடம்பு விஷயம், நமக்குத் தெரிய வேண்டியதே இல்ல. ரெக்கார்ட் பண்றதுக்கும் முன்னாடியே கேட்டுக்கங்க, "உங்களைச் சோதிக்கல, ஆப்பைத்தான் சோதிக்கிறோம், எப்ப வேணா நிறுத்திக்கலாம்"னு சொல்லிட்டு ஆரம்பிங்க.

அப்புறம் பேசாம இருங்க. ரொம்பக் கஷ்டம் இது! முதல் டெஸ்ட்ல ஒரு அம்மா "தினமும் எத்தனை தடவை"ங்கற இடத்துல தடுமாறி நின்னாங்க, எனக்குப் பொறுக்கல, "அதைக் கீழ தள்ளினா வரும்மா"ன்னு சொல்லிட்டேன். அந்த டெஸ்ட்டோட பலனே அங்க போச்சு. ரெண்டாவது ஆள்கிட்ட கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன், அவரு ஒரு நிமிஷத்துக்கு மேல போராடிட்டு "இதுல எட்டு மணி நேரத்துக்கு ஒருக்கான்னு இருக்கு, நான் காலை ராத்திரின்னு எங்க போடறது?"ன்னு தானா கேட்டாரு. அந்த ஒரு நிமிஷ மௌனம்தான் எங்களுக்கு விடை கொடுத்துச்சு. மருந்துச் சீட்டு காலை, மதியம், ராத்திரின்னு பேசுது, எங்க ஆப் மணிக்கணக்குல பேசுது. அஞ்சு பேர்ல மூணு பேர் அதே இடத்துலதான் மாட்டினாங்க. அந்த இடத்துல மூணு பெரிய பட்டன் வச்சு, நேரத்தை அப்புறமா மாத்திக்கலாம்னு விட்டோம், அடுத்த சுத்துல ஒருத்தரும் அங்க நிக்கல.

அவங்க பேசாம இருந்தா, "இப்ப மனசுல என்ன ஓடுது?"ன்னு மட்டும் கேளுங்க. "இந்தப் பட்டன் என்ன பண்ணும்?"னு உங்ககிட்ட கேட்டா, "நீங்க என்ன பண்ணும்னு நினைக்கிறீங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க, முகம் சுளிக்காம, அன்பா.

இன்னொண்ணு, வாய் சொல்றதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. முதல்ல சொன்ன அந்த அம்மா முடிச்சுட்டு, "நல்லாருக்குமா, ஒண்ணும் கஷ்டமில்ல"ன்னு சொன்னாங்க. ரெக்கார்டிங்கைப் பாத்தா நாலு இடத்துல தப்பா அமுத்தியிருக்காங்க, ஒரு தடவை மருந்தையே அழிச்சுட்டுத் திரும்பப் போட்டிருக்காங்க. சின்னப் பொண்ணு இவ்வளவு உழைச்சிருக்கு, மனசு நோகக் கூடாதுன்னு சொன்ன வார்த்தை அது, அந்த அன்புக்கு நான் கடன்பட்டிருக்கேன், ஆனா ரிப்போர்ட்ல நான் எழுத வேண்டியது அவங்க விரல் சொன்னதைத்தான்.

டெஸ்ட் முடிஞ்ச அன்னைக்கே குறிப்பு எழுதிடுங்க. பாத்தது தனியா, நீங்க நினைச்சது தனியா. "ஸ்னூஸ் பட்டனைப் பாத்துட்டு 7 செகண்ட் நின்னாரு"ங்கறது பாத்தது, "ஸ்னூஸ்னா என்னன்னு புரியல"ங்கறது உங்க ஊகம். ரெண்டையும் கலந்துட்டா மறுநாள் எது எதுன்னு உங்களுக்கே தெரியாது.

5. கண்ணும் விரலும்

இதுல ஊகத்துக்கு இடமே இல்ல, எண்கள் இருக்கு, மனப்பாடம் பண்ணிடுங்க. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், குறைஞ்சது 4.5-க்கு 1, பெரிய எழுத்துன்னா 3-க்கு 1. விரல் படற இடம் ஐபோன்ல 44 பாயின்ட், ஆண்ட்ராய்டுல 48 டிபி, ரெண்டும் ஸ்கிரீன்ல அளக்கற அலகுதான். நான் மருந்தளவை 999999-ங்கற சாம்பல் கலர்ல வெள்ளை மேல எழுதியிருந்தேன், என் லேப்டாப்ல மென்மையா அழகா இருந்துச்சு, செக் பண்ணினா 3-ஐக்கூடத் தொடல. எத்தனை மில்லிகிராம்ங்கறதைத்தான் அந்தக் கலர்ல ஒளிச்சு வச்சிருந்தேன்!

பச்சைன்னா போட்டாச்சு, சிவப்புன்னா மறந்தாச்சுன்னு கலரை மட்டும் நம்பி விட்டுடாதீங்க, ஆண்கள்ல ஏறக்குறைய 12 பேர்ல ஒருத்தருக்கு நிறம் பிரிச்சுப் பாக்கறதுல குறை இருக்குன்னு சொல்றாங்க, அதிகமா இருக்கறது சிவப்பு பச்சைக் குழப்பம்தான். கூடவே ஒரு டிக், ஒரு வார்த்தை போடுங்க. போன்ல எழுத்தை 200 சதவீதத்துக்குப் பெருசாக்கி ஒவ்வொரு ஸ்கிரீனையும் ஒரு தடவை பாருங்க. ஸ்கிரீன்ல இருக்கறதை வாய்விட்டுப் படிக்கற வசதி ஆண்ட்ராய்டுல டாக்பேக், ஐபோன்ல வாய்ஸ்ஓவர், ரெண்டுல ஒண்ணைப் போட்டுக்கிட்டு, கண்ணை மூடி, உங்க ஆப்புல ஒரு வேலையை முடிச்சுப் பாருங்க. எங்க ஆப் ஒவ்வொரு மருந்துக்கும் பக்கத்துல "பட்டன், பட்டன், பட்டன்"னு மட்டும் படிச்சுச்சு, எது போட்டாச்சு எது அழின்னு கண்ணு தெரியாத ஒருத்தர் எப்படிக் கண்டுபிடிப்பாரு? அன்னைக்கு எனக்கு நிஜமாவே மனசு கனத்துப் போச்சு.

மீட்டிங்ல நான் தப்பா அமுத்தின கதைக்கும் இங்கதான் தீர்வு வந்துச்சு. "போட்டாச்சு", "அப்புறம்" ரெண்டும் ஒட்டி ஒட்டி இருந்துச்சு, தள்ளி வச்சோம். "நிச்சயமா போட்டீங்களா?"ன்னு ஒரு பெட்டி காட்டலாம்னு நான் சொன்னேன், லீட் வேணாம்னாங்க, தினமும் வர்ற பெட்டியை ரெண்டாவது வாரத்துலேர்ந்து யாரும் படிக்காம அமுத்துவாங்க. அதுக்குப் பதிலா அமுத்தினதும் கீழ "போட்டாச்சுன்னு குறிச்சிருக்கோம், மாத்தணுமா?"ன்னு ஒரு வரி, லிஸ்ட்லயும் அன்னைக்கு முழுக்க மாத்தற வசதி.

6. வார்த்தையும் டிசைன்தான்

ஆங்கிலத்துல வரைஞ்சுட்டு கடைசில தமிழை ஒட்டற வேலை வேணாம், முதல்லேர்ந்தே தமிழ் எழுத்தைப் போட்டு வரைங்க. ஸ்னூஸ்ங்கறது மூணு எழுத்து, "10 நிமிஷம் கழிச்சு ஞாபகப்படுத்து"ங்கறது பட்டனையே உடைச்சிடும், அப்ப பட்டனை நீட்டணும், வார்த்தையை வெட்டிப் புரியாம ஆக்கக் கூடாது. வரி இடைவெளி கம்மியா இருந்தா மேல வர்ற புள்ளியும் சுழியும், கீழ இறங்கற கொம்பும் வெட்டுப்படும், "கு"வும் "கூ"வும் ஒண்ணாத் தெரியும், மருந்துப் பேர்ல அது விளையாட்டு இல்ல. ஃபிக்மால அளவு தானா மாறறதுக்கு இருக்கற ஆட்டோ லேஅவுட்ல பட்டனுக்கு அகலத்தை நிலையா வைக்காம உள்ள இருக்கற எழுத்துக்கேத்த மாதிரி விடுங்க, பாதிப் பிரச்சனை அங்கயே தீரும். எரர் மெசேஜ்ல என்ன ஆச்சு, அடுத்து என்ன பண்ணணும்னு ரெண்டும் இருக்கணும். "ஏதோ தவறு நடந்துவிட்டது"ன்னா யாருக்கும் உதவாது, "நெட் இல்ல, மருந்து போன்லயே சேமிச்சிருக்கு, நெட் வந்ததும் தானா போயிடும்"னு சொன்னா ஒருத்தர் நிம்மதியா போனைக் கீழ வைக்கலாம்.

7. டெவலப்பரைக் கடைசில பாக்காதீங்க

எல்லாம் முடிச்சுட்டு ஃபைலைத் தூக்கிக் கொடுக்கறதுதான் ஹேண்ட்ஆஃப்னு நினைச்சிருந்தேன். கிறுக்கல் நிலையிலயே காட்டுங்க, "இது முடியுமா, எது கஷ்டம்?"னு கேளுங்க. போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கற நிலைல இருந்தா அலாரம் லேட்டா வர வாய்ப்பு இருக்குன்னு எனக்கு ஒரு ஆண்ட்ராய்டு டெவலப்பர்தான் சொன்னாரு, அது தெரியாம இருந்திருந்தா நான் வரைஞ்ச பாதி ஃபிளோவுக்கு அர்த்தமே இல்ல. ஃபைல்ல ஏற்கனவே இருக்கற காம்பொனென்ட்டையே, அதாவது பட்டன் மாதிரி தயாரா இருக்கற துண்டுகளையே, எடுத்துப் பயன்படுத்துங்க, கொஞ்சம் வேற மாதிரி இருக்கட்டும்னு நீங்க போடற ஒவ்வொரு புதுப் பட்டனும் அவங்களுக்கு ஒரு நாள் வேலை. பில்ட், அதாவது அவங்க செஞ்சு கொடுக்கற ஆப், வந்ததும் நிஜ போன்ல, முடிஞ்சா ஒரு பழைய சின்ன போன்ல, நீங்களே போட்டுப் பாருங்க.

8. ஃபீட்பேக்

வரைஞ்சதைக் காட்டும்போது "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா கலரைப் பத்தித்தான் பேசுவாங்க. "முதல் மருந்தைச் சேக்கறது இதுல சுலபமாச்சா, எங்க மாட்டுவாங்க?"ன்னு கேளுங்க. சொல்றதையெல்லாம் உடனே மறுக்காம எழுதிக்கங்க, மறுநாள் படிச்சா பாதி நியாயமா இருக்கும். மீதிக்கு டெஸ்ட்ல பாத்ததை வச்சு பதில் சொல்லுங்க.

9. கடைசி ரெண்டு வாரம்

முதல் நாள்லேர்ந்தே ஒரு முடிவு நோட்டு வச்சுக்கங்க. தேதி, என்ன முடிவு, ஏன், வேற என்ன யோசிச்சோம், நாலு வரி போதும். வேலை தேடும்போது காட்டற போர்ட்ஃபோலியோ எழுத உக்காரும்போது அழகான ஸ்கிரீன் நிறைய இருக்கும், ஏன் அப்படிப் பண்ணினோம்ங்கறதுதான் மறந்திருக்கும். இன்டர்வியூல என்னை அதிகமா கேட்டது அந்த மூணு பட்டன் கதையைத்தான், முதல் டெஸ்ட்ல நான் வாய் திறந்து கெடுத்ததையும் மறைக்காம சொன்னேன். நீங்க செஞ்சதை "நான்"னும் டீம் செஞ்சதை "நாங்க"ன்னும் பிரிச்சே எழுதுங்க.

எந்த ஸ்கிரீனை வெளிய காட்டலாம்னு எழுத்துப்பூர்வமா கேட்டு வாங்கிக்கங்க, அதுவும் போறதுக்கு முன்னாடியே, ஆஃபீஸ் ஈமெயில் மூடினதுக்கு அப்புறம் கேக்கறது பெரிய அலைச்சல். வெளியாகாத வசதி எதையும் போடாதீங்க, டெஸ்ட்ல வந்தவங்க முகம், பேரு, குரல் எதுவும் வேணாம்.

ஃபைலை அடுத்த ஆளுக்குப் புரியற மாதிரி அடுக்குங்க. முடிஞ்சது ஒரு பக்கம், பாதில நிக்கறது ஒரு பக்கம், கைவிட்டது ஏன்னு ஒரு குறிப்போட இன்னொரு பக்கம். நான் கிளம்பற அன்னைக்கு அந்த மருந்து லிஸ்ட் ஸ்கிரீனுக்குப் பக்கத்துல பதிமூணு ஃபிரேம் இருந்துச்சு, அதுல ரெண்டு இன்னும் காலி, நேரம் மாறற நாட்டுக்குப் போறவங்களுக்கான ஸ்கிரீன் ஒண்ணு, ஒரே போன்ல ரெண்டு பேர் மருந்து இருந்தா என்னங்கறது இன்னொண்ணு. ரெண்டுலயும் கேள்வியை மட்டும் எழுதி வச்சுட்டு வந்தேன், அடுத்து வர்ற இன்டர்னுக்காக.